வயிற்றுப்புண்

வயிற்றுப்புண் என்பது இரைப்பையின் உட்சுவரிலோ அல்லது சிறுகுடலின் தொடக்கப் பகுதியான முன்சிறுகுடலின் உட்சுவரிலோ ஏற்படும் ஆழமான புண் ஆகும். தமிழ்நாட்டில் இது பேச்சு வழக்கில் அல்சர் எனவும், குடற்புண் எனவும் அழைக்கப்படுகிறது. இப்புண் குருதிக் குழாய் ஒன்றை அரித்துவிடும்போது செரிமானப் பாதையினுள் குருதிப்போக்கு ஏற்படுகிறது. வயிற்றுப்புண்ணால் நேரும் இறப்புகளுக்கு இக்குருதிப்போக்கும், புண் சுவரைத் துளைத்துவிடுவதும் முதன்மைக் காரணங்களாக உள்ளன.

காரமான உணவும், வேளை தவறி உண்பதும், மனக்கவலையுமே வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்று நீண்ட காலமாக நம்பப்பட்டு வந்தது. எனினும் பெரும்பான்மையான புண்களுக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவும், வலி நீக்கி மாத்திரைகளுமே காரணம் என்பது இன்று உறுதி செய்யப்பட்டுள்ளது. இவ்விரு காரணங்களும் நீக்கக்கூடியவை. ஆதலால், வாழ்நாள் முழுவதும் தொடரும் நோயாகக் கருதப்பட்ட வயிற்றுப்புண் இன்று முற்றிலும் குணப்படுத்தக்கூடிய நோயாகும்.

வகைகள்

இரைப்பையில் தோன்றும் புண் இரைப்பைப் புண் எனவும், முன்சிறுகுடலில் தோன்றும் புண் முன்சிறுகுடற் புண் எனவும் அழைக்கப்படுகின்றன. இரண்டையும் சேர்த்தே பொதுவாக வயிற்றுப்புண் என்பர். மேலோட்டமான சிராய்ப்பு அரிப்பு எனப்படும். அவ்வரிப்பு உட்சுவரின் மெல்லிய தசையடுக்கையும் கடந்து ஆழமாகச் செல்லும்போதே அது புண் என வகைப்படுத்தப்படுகிறது.

இரைப்பையின் தற்காப்பு

இரைப்பை நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் செரிமான நீரைச் சுரக்கிறது. இதில் ஐதரோகுளோரிக் அமிலமும், புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் என்னும் நொதியும் உள்ளன. இறைச்சியைக் கரைக்கும் வல்லமை கொண்ட இந்நீர், தசையால் ஆன இரைப்பையைக் கரைக்காமல் இருப்பதற்கு அதன் தற்காப்பு அமைப்பே காரணமாகும்.

இரைப்பையின் உட்சுவரை வழுவழுப்பான சீதப் படலம் ஒன்று மூடியுள்ளது. அப்படலத்தினுள் பைகார்பனேட்டு சுரக்கப்பட்டு, சுவரை நெருங்கும் அமிலத்தை நடுநிலையாக்குகிறது. சுவரின் செல்கள் சில நாட்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகின்றன. சுவருக்குள் ஓடும் குருதி, உட்புகும் அமிலத்தை அகற்றுகிறது. இச்செயல்களை எல்லாம் ஊக்குவிப்பவை புரோசுடாகிளாண்டின் என்னும் வேதிப்பொருட்கள் ஆகும். இந்தத் தற்காப்பு குலையும்போது அமிலம் சுவரைத் தாக்கிப் புண்ணை உண்டாக்குகிறது. எனவே அமிலம் என்பது புண்ணை ஆழமாக்கும் கருவியே. தற்காப்பைக் குலைப்பது எது என்பதே புண்ணின் மூலக் காரணத்தைக் குறிக்கும் வினாவாகும்.

காரணங்கள்

ஹெலிகோபேக்டர் பைலோரி

இது சுருள் வடிவமுள்ள ஒரு பாக்டீரியா ஆகும். அமிலத்தில் ஏனைய நுண்ணுயிர்கள் அழிந்துவிட, இது மட்டும் யூரியேசு என்னும் நொதியைப் பயன்படுத்தி யூரியாவை அம்மோனியாவாக மாற்றித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை நடுநிலையாக்கிக் கொள்கிறது. பின்னர் சீதப் படலத்தினுள் துளைத்துச் சென்று தங்கிவிடுகிறது. இதனால் ஏற்படும் நாட்பட்ட அழற்சி, சுவரின் தற்காப்பைக் குறைக்கிறது. சிலரில் அமிலச் சுரப்பையும் கூட்டுகிறது.

இத்தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தினரிடமிருந்து வாய் வழியாகப் பரவுகிறது. நெருக்கமான குடியிருப்பு, தூய்மையற்ற நீர் ஆகியவை பரவலுக்குத் துணைபுரிகின்றன. இந்தியா உள்ளிட்ட வளரும் நாடுகளில் வயது வந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் இத்தொற்றுக்கு ஆளாகியிருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் தொற்றியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே புண் தோன்றுகிறது.

வலி நீக்கி மருந்துகள்

ஆசுபிரின், டைக்குளோபினாக், ஐபுபுரோபன், நாப்ராக்சன் முதலிய வலி நீக்கிகள், வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோசுடாகிளாண்டின்களின் உற்பத்தியைத் தடுத்தே செயல்படுகின்றன. இதனை 1971 ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆய்வாளர் ஜான் வேன் கண்டறிந்தார். அவருக்கு 1982 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. வலியை உண்டாக்கும் புரோசுடாகிளாண்டின்கள் தடுக்கப்படும்போது, இரைப்பையைக் காக்கும் புரோசுடாகிளாண்டின்களும் சேர்ந்தே தடுக்கப்படுகின்றன. மூட்டு வலி குறையும் அதே வேளையில் இரைப்பை தன் காப்பை இழக்கிறது.

இவ்விளைவு பெரும்பாலும் குருதியின் வழியாகவே நிகழ்வதால், ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குத் தீங்கில்லை என்னும் கருத்து தவறானதாகும். உணவுக்குப் பின் மாத்திரையை உட்கொள்வதும் எரிச்சலைக் குறைக்கலாமே தவிர, புண்ணைத் தடுத்துவிடாது. உடல்வலிக்கு மருத்துவரின் சீட்டின்றி இரண்டு மூன்று மாத்திரைகளை ஒன்றாகச் சேர்த்து வாங்கி விழுங்கும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக உள்ளது. அவ்வாறு சேர்க்கப்படும் மாத்திரைகளில் வலி நீக்கியுடன் ஸ்டீராய்டு மருந்தும் இருந்தால் குருதிப்போக்கின் வாய்ப்பு மேலும் கூடுகிறது. பாராசிட்டமால் இவ்வகையைச் சேர்ந்ததன்று. உரிய அளவில் உட்கொண்டால் அது இரைப்பைக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை.

பிற காரணங்கள்

புகைபிடித்தல் புண் தோன்றும் வாய்ப்பைக் கூட்டுவதுடன், தோன்றிய புண் ஆறுவதையும் தாமதப்படுத்துகிறது. பெரும் தீக்காயம், தலைக்காயம், தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்கப்படும் அளவுக்குக் கடுமையான நோய் ஆகியவற்றின்போதும் புண்கள் தோன்றலாம். அரிதாக, காசுட்ரின் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கும் கட்டிகளாலும் புண் உண்டாகும்.

காரமும் பட்டினியும்

முன்சிறுகுடற் புண்ணின் வலி பெரும்பாலும் வயிறு காலியாக இருக்கும்போது தோன்றி, உணவு உண்டதும் தணிகிறது. இதனால் பட்டினி கிடந்ததே புண்ணை உண்டாக்கியது என்ற முடிவுக்கு வருவது இயல்பே. காரமான உணவு ஏற்கனவே உள்ள புண்ணில் எரிச்சலை ஏற்படுத்துவதால், காரமும் பழிக்கு ஆளாயிற்று. இரண்டும் நோயின் வெளிப்பாட்டை நோயின் காரணமாகக் கொண்ட பிழைகள் ஆகும்.

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை 1960களிலிருந்து தொழிலகங்கள் பெருகிய பகுதிகளாகும். இத்தகைய பகுதிகளில் இரவுப் பணியும் சுழல்முறைப் பணியும் செய்வோர், நேரத்துக்கு உண்ணாததால் அல்சர் வந்துவிட்டது எனக் கூறுவதைப் பரவலாகக் கேட்கலாம். சுழல்முறைப் பணி செய்வோரிடம், குறிப்பாக ஹெலிகோபேக்டர் பைலோரி தொற்றியவர்களிடம், முன்சிறுகுடற் புண் கூடுதலாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் தெரிவிக்கின்றன. ஆயினும் உணவு நேரத்தைச் சீராக்குவதால் மட்டும் தொற்று நீங்கிவிடுவதில்லை. நேரத்துக்கு உண்டும், காரத்தை விலக்கியும், அமில முறி மருந்தைக் குடித்தும் ஆண்டுக்கணக்கில் காலம் கழிப்போரிடம் புண்ணின் காரணம் அப்படியே எஞ்சிவிடுகிறது. குருதிப்போக்கில் முடியும் நிகழ்வுகள் பலவற்றுக்கு இக்காலத் தாழ்வும் ஒரு காரணமாகும்.

அறிகுறிகள்

மேல்வயிற்றின் நடுவில் எரிச்சல் அல்லது குடைச்சல் போன்ற வலியே பொதுவான அறிகுறி ஆகும். முன்சிறுகுடற் புண்ணில் உணவு உண்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பின்னரும், நள்ளிரவிலும் வலி தோன்றும். இரைப்பைப் புண்ணில் உணவு உண்டவுடன் வலி கூடக்கூடும். உப்புசம், குமட்டல், விரைவில் வயிறு நிறைந்த உணர்வு ஆகியனவும் காணப்படலாம்.

புண் உள்ள அனைவருக்கும் வலி தோன்றுவதில்லை. முதியோரிடமும், வலி நீக்கிகளைத் தொடர்ந்து உட்கொள்வோரிடமும் புண் எவ்வித வலியுமின்றி வளரலாம். புண்ணை உண்டாக்கும் மருந்தே அதன் வலியையும் மறைத்துவிடுகிறது. இத்தகையோரில் பலருக்குக் குருதிப்போக்கே முதல் அறிகுறியாக அமைகிறது.

மேல்வயிற்றில் தோன்றும் வலி எல்லாம் புண்ணால் ஆனதன்று. மாரடைப்பின் வலியும் அவ்விடத்தில் தோன்றக்கூடும். அதனை வாய்வு எனக் கருதிக் காலம் தாழ்த்துவது உயிருக்கு ஆபத்தாக முடியும்.

குருதிப்போக்கு

ஏற்படும் முறை

முன்சிறுகுடலின் பின்சுவரை ஒட்டி இரைப்பை முன்சிறுகுடல் தமனி என்னும் பெரிய குருதிக் குழாய் செல்கிறது. பின்சுவரில் தோன்றும் புண் இத்தமனியை அரிக்கும்போது, சில நிமிடங்களிலேயே பெருமளவு குருதி வெளியேறலாம். முன்சுவரில் தோன்றும் புண் வயிற்றறைக்குள் துளையிடக்கூடும். துளை விழும்போது திடீரெனத் தாங்கவியலாத வலியும், பலகை போல வயிறு இறுகுதலும் ஏற்படும். சிறிய குழாய்கள் அரிக்கப்பட்டால் குருதி சிறிது சிறிதாகக் கசிந்து, வாரக்கணக்கில் கவனிக்கப்படாமல் இரும்புச்சத்துக் குறைவையும் குருதிச்சோகையையும் உண்டாக்கும்.

வாந்தியிலும் மலத்திலும் தோன்றும் மாற்றங்கள்

உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றில் ஏற்படும் குருதிப்போக்கு மேல் செரிமானப் பாதைக் குருதிப்போக்கு எனப்படும். குருதி விரைவாக வெளியேறினால் வாந்தி செந்நிறமாக இருக்கும். குருதி அமிலத்துடன் கலந்து சற்று நேரம் தங்கிவிட்டால் காப்பித்தூளைக் கரைத்தது போன்ற கரும்பழுப்பு நிறத்தில் வாந்தி வரும்.

குடல் வழியாகக் கீழிறங்கும் குருதி செரிக்கப்பட்டு, தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாகவும் கடும் நாற்றத்துடனும் மலமாக வெளியேறும். 50 முதல் 100 மில்லி லிட்டர் குருதியே மலத்தை இவ்வாறு கறுப்பாக்கப் போதுமானது. வயிற்றுப்புண் உள்ளவர்களும் அவர்தம் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டிய முதன்மையான அறிகுறி இதுவே. செந்நிறக் குருதியைக் கண்டு பதறுவோர் பலர், கறுத்த மலத்தைப் பொருட்படுத்துவதில்லை.

இரும்புச்சத்து மாத்திரை, பிஸ்மத் கலந்த மருந்து, நாவற்பழம் ஆகியவற்றாலும் மலம் கறுக்கலாம். ஆயினும் அம்மலத்தில் தாரின் பிசுபிசுப்பும் குருதியின் நாற்றமும் இருப்பதில்லை. ஐயம் இருப்பின் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பிற நோய்களால் ஏற்படும் குருதிப்போக்கு

மேல் செரிமானப் பாதையில் குருதிப்போக்கை உண்டாக்கும் மற்றொரு முதன்மை நோய், உணவுக்குழாய் நாளப் புடைப்பு ஆகும். மதுப்பழக்கம், கல்லீரல் அழற்சித் தொற்று முதலியவற்றால் கல்லீரல் சுருங்கி இறுகும்போது, அதனுள் செல்ல வேண்டிய குருதி தடைப்பட்டு உணவுக்குழாயின் அடிப்பகுதியிலுள்ள நாளங்களைப் புடைக்கச் செய்கிறது. அவை வெடிக்கும்போது பெருமளவு குருதி வாந்தியாக வெளியேறும். தொடர்ந்து வாந்தி எடுப்பதால் உணவுக்குழாயின் கீழ்முனை கிழிந்தும் குருதி வரலாம். இரைப்பைப் புற்றுநோயும் புண்ணைப் போலவே தோன்றிக் குருதி கசியச் செய்யும்.

கீழ் செரிமானப் பாதையில் மூலம், ஆசனவாய் வெடிப்பு, பெருங்குடற் புற்றுநோய், குடற் காசநோய், குடற்காய்ச்சலால் ஏற்படும் புண்கள் ஆகியவற்றால் குருதிப்போக்கு ஏற்படலாம். இவற்றில் மலத்துடன் வெளியேறும் குருதி பெரும்பாலும் செந்நிறமாக இருக்கும். கொக்கிப்புழுத் தொற்று கண்ணுக்குத் தெரியாத அளவில் நாள்தோறும் குருதியை இழக்கச் செய்கிறது.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

குருதி வாந்தி, கறுத்த மலம், தலைச்சுற்றல், எழுந்து நின்றால் மயக்கம், குளிர்ந்த வியர்வை, விரைவான நாடித்துடிப்பு ஆகியவை அவசர சிகிச்சைக்கான அறிகுறிகள் ஆகும். குருதி இழந்த முதல் சில மணி நேரத்தில் ஈமோகுளோபின் அளவு இயல்பாகவே காட்டக்கூடும். நீர்மமும் செல்களும் ஒரே விகிதத்தில் இழக்கப்படுவதே இதற்குக் காரணம். எனவே ஆய்வகச் சோதனை இயல்பாக உள்ளது என்பதைக் கொண்டு ஆபத்தில்லை என முடிவு செய்யலாகாது.

நோயாளிக்கு உணவோ நீரோ அமில முறி மருந்தோ கொடுக்கக்கூடாது. வயிறு காலியாக இருந்தால்தான் உள்நோக்கிச் சோதனை எளிதாகும். வாந்தி எடுப்பவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குருதி மூச்சுக்குழாயினுள் செல்வதைத் தவிர்க்கலாம். அவர் உட்கொண்டு வந்த மாத்திரைகளின் அட்டைகளை உடன் எடுத்துச் செல்வது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணில் அவசர ஊர்தியை அழைக்கலாம். மேற்குப் புறநகர்களிலிருந்து நகருக்குள் செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அச்சாலையின் கிழக்கு முனையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் அமைந்துள்ளன.

கண்டறிதல்

எண்டோஸ்கோப்பி எனப்படும் உள்நோக்கிச் சோதனையே புண்ணைக் கண்டறிவதற்கான சிறந்த முறையாகும். முனையில் ஒளியும் படக்கருவியும் கொண்ட வளையும் குழாய் வாய் வழியாகச் செலுத்தப்பட்டு, உணவுக்குழாய் முதல் முன்சிறுகுடல் வரை நேரடியாகப் பார்க்கப்படுகிறது. இரைப்பைப் புண்ணாயின், அது புற்றுநோயா என்பதை அறியச் சிறு திசுத் துண்டு எடுக்கப்படும். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் நீண்ட காலம் முன்னணியில் இருந்துள்ளதால், இத்திசுச் சோதனை இப்பகுதியில் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

நுண்ணுயிர்த் தொற்றை அறியும் சோதனைகள் பெரும்பாலும் யூரியேசு நொதியை அடிப்படையாகக் கொண்டவை. எடுக்கப்பட்ட திசுத் துண்டை யூரியாவும் நிறங்காட்டியும் கலந்த ஊடகத்தில் இட்டால், நுண்ணுயிர் இருப்பின் அம்மோனியா தோன்றி நிறம் மாறும். அடையாளமிடப்பட்ட யூரியாவைக் குடிக்கச் செய்து மூச்சுக்காற்றைச் சோதிப்பது மூச்சுச் சோதனை ஆகும். மலத்தில் நுண்ணுயிரின் புரதத்தைக் கண்டறியும் சோதனையும் உண்டு.

சிகிச்சை

அமிலச் சுரப்பைக் குறைக்க ஒமிபிரசோல், பான்டோபிரசோல் போன்ற மருந்துகள் வழங்கப்படுகின்றன. இவை அமிலத்தைக் குறைத்துப் புண்ணை ஆற்றுகின்றனவே தவிர, தனியாக நுண்ணுயிரை அழிப்பதில்லை. எனவே தொற்று உள்ளவர்களுக்கு இவற்றுடன் அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின் போன்ற எதிர்நுண்ணுயிர் மருந்துகள் இரண்டு, வழக்கமாக 14 நாட்களுக்கு வழங்கப்படும். பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்து முறையும் பயன்பாட்டில் உள்ளது. வலி குறைந்ததும் இடையில் நிறுத்தினால் நுண்ணுயிர் எஞ்சி, மருந்தை எதிர்க்கும் திறனையும் பெறக்கூடும். சிகிச்சை முடிந்து குறைந்தது நான்கு வாரங்களுக்குப் பின், தொற்று நீங்கிவிட்டதா எனச் சோதித்து உறுதி செய்ய வேண்டும்.

குருதிப்போக்கு உள்ளவர்களுக்கு முதலில் இழந்த நீர்மம் ஈடுசெய்யப்பட்டு, தேவைக்கேற்பக் குருதி ஏற்றப்படும். குருதி ஏற்றுவதில் அளவு மீறுவது நன்மை தராது. ஈமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே குறைந்தால் மட்டும் ஏற்றும் முறையில் இறப்பு குறைவதை, பார்சிலோனாவில் நடத்தப்பட்டு 2013 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. இதய நோயாளிகளுக்கு இவ்வெல்லை வேறுபடும். பின்னர் 24 மணி நேரத்துக்குள் உள்நோக்கி வழியாக, குருதி கசியும் இடத்தில் அட்ரினலின் ஊசி செலுத்தியும், வெப்பத்தால் சுட்டும், சிறு உலோகக் கவ்வியால் பிடித்தும் குருதி நிறுத்தப்படுகிறது. நாளப் புடைப்பாயின் இரப்பர் வளையத்தால் நாளம் கட்டப்படும். இவற்றால் நிற்காதபோதே அறுவை சிகிச்சை அல்லது தமனியை உள்ளிருந்து அடைக்கும் முறை மேற்கொள்ளப்படுகிறது.

தென்னிந்தியாவில் வயிற்றுப்புண் ஆய்வுகள்

முன்சிறுகுடற் புண் மிகுதியாகக் காணப்பட்ட பகுதிகளுள் ஒன்றாகத் தென்னிந்தியா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அறியப்பட்டிருந்தது. அன்று தென் திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூரில், இலண்டன் மிஷனரி சங்கத்தின் மருத்துவமனை இதற்குப் பெயர் பெற்றது. 1922 ஆம் ஆண்டு எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் இடம்பெற்ற அறுவை மருத்துவர் ஹோவார்டு சோமர்வெல், மலையேற்றத்துக்குப் பின் இந்தியாவைச் சுற்றி வரும்போது நெய்யூருக்கு வந்து, அங்கு குவிந்திருந்த நோயாளிகளைக் கண்டு அம்மருத்துவமனையிலேயே பணியாற்ற முடிவு செய்தார். இரைப்பையையும் சிறுகுடலையும் நேரடியாக இணைக்கும் அறுவை சிகிச்சையை அவர் பெரும் எண்ணிக்கையில் செய்தார். பின்னர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் கற்பித்தார்.

ஏழைகளின் உணவே இந்நோய்க்குக் காரணம் என்று அக்காலத்தில் ஐயுறப்பட்டது. குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வுகளை நடத்திய ராபர்ட் மெக்காரிசன், மரவள்ளிக்கிழங்கை முதன்மையாகக் கொண்ட திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது, பலவற்றில் இரைப்பைப் புண் தோன்றியது. 1960களில் இரயில்வே மருத்துவரான எஸ். எல். மல்கோத்ரா, இரயில்வே ஊழியர்களிடையே வயிற்றுப்புண்ணின் பரவலை ஆராய்ந்து, வட இந்தியரை விடத் தென்னிந்தியரிடம் அது மிகுதி எனக் கண்டார். வட இந்தியரின் உணவு நன்கு மெல்லப்படுவதால் உமிழ்நீர் கூடுதலாகச் சுரந்து காக்கிறது என அவர் கருதினார். மைசூரில் பணியாற்றிய பிராங்க் டோவி, அரிசி உண்ணும் பகுதிகளில் புண் மிகுதி என்றும், தவிடு நீக்கப்படாத தானியங்களில் காக்கும் பொருள் உள்ளது என்றும் எழுதினார்.

அக்காலத் தென்னிந்திய நோயாளிகளிடம் ஆண்டுக்கணக்கில் ஆறியும் மீண்டும் தோன்றியும் தழும்பேறிய புண், இரைப்பையின் வெளிவாயை அடைத்துவிடும் நிலை மிகுதியாகக் காணப்பட்டது. அமிலம் குறைக்கும் மருந்துகளும் தொற்று நீக்க சிகிச்சையும் வந்த பின் இந்நிலை பெரிதும் குறைந்துவிட்டது. நுண்ணுயிர்த் தொற்று வடக்கிலும் தெற்கிலும் பரவலாக உள்ளதால், புண்ணின் அளவில் காணப்பட்ட வேறுபாட்டுக்கு உணவு உள்ளிட்ட பிற காரணிகளும் பங்களித்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

நுண்ணுயிரின் கண்டுபிடிப்பு

அமிலம் இல்லையேல் புண் இல்லை என்னும் கருத்தை 1910 ஆம் ஆண்டில் கார்ல் சுவார்ட்சு முன்வைத்தார். அதன்பின் நரம்பை வெட்டியும் இரைப்பையை அகற்றியும் அமிலத்தைக் குறைப்பதே சிகிச்சையாக இருந்தது. 1976 ஆம் ஆண்டில் சிமெட்டிடின் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. இம்மருந்தால் புண் ஆறினாலும், நிறுத்தியதும் மீண்டும் தோன்றியது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோயியல் மருத்துவர் ராபின் வாரன், 1979 ஆம் ஆண்டில் இரைப்பைத் திசுக்களில் சுருள் வடிவ பாக்டீரியாவைக் கண்டார். அமிலத்தில் நுண்ணுயிர் வாழாது என்பதே அன்றைய பொதுக் கருத்து. இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவருடன் இணைந்தார். 1982 ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையின்போது வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தை விடக் கூடுதல் நாட்கள் விடப்பட்டதால், மெதுவாக வளரும் அந்நுண்ணுயிர் முதன்முறையாக வளர்ந்தது. 1984 ஆம் ஆண்டில் மார்ஷல் அந்நுண்ணுயிர்க் கரைசலைத் தாமே குடித்து, சில நாட்களில் இரைப்பை அழற்சிக்கு ஆளானார். இருவருக்கும் 2005 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1994 ஆம் ஆண்டில் இந்நுண்ணுயிர் புற்றுநோய்க் காரணியாகவும் அறிவிக்கப்பட்டது.

தடுப்பு முறைகள்

வலி நீக்கிகளை மருத்துவரின் அறிவுரையின்றித் தொடர்ந்து உட்கொள்வதைத் தவிர்க்க வேண்டும். நீண்ட காலம் உட்கொள்ள நேரும் முதியோருக்கும், முன்னர் புண் இருந்தவர்களுக்கும் அமிலம் குறைக்கும் மருந்து சேர்த்து வழங்கப்படும். இதய நோய்க்காக ஆசுபிரின் உட்கொள்வோர் அதனைத் தாமாக நிறுத்தக்கூடாது. அவ்வாறு நிறுத்துவது மாரடைப்புக்கு வழிவகுக்கலாம். புகைபிடித்தலைக் கைவிடுவதும், தூய குடிநீரும் கைகழுவும் பழக்கமும் நோயைக் குறைக்க உதவும். சில வாரங்களுக்கு மேல் அமில முறி மருந்து தேவைப்படுவோர், எடை குறைவோர், விழுங்கக் கடினப்படுவோர், குருதிச்சோகை உடையோர் ஆகியோர் காலம் தாழ்த்தாது மருத்துவரை அணுகிச் சோதித்துக்கொள்ள வேண்டும்.